சீட்டில் இருந்த அளவு

ஆர்தர் சூசைநாதன் வேலை பார்த்த கடை பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் இருந்தது. கீழே ஆணி, பூட்டு, சாயம், கப்பல் கயிறு. மாடியில் ஒரு மூலையைக் கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். துப்பாக்கியும் தோட்டாவும் அங்கேதான் விற்பனை. ஆர்தர் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. பதினோரு வருஷமாக அந்த அறையின் சாவி அவரிடம் இருந்தது. கடை மேனேஜரான வெள்ளைக்காரத் துரைகூட உள்ளே வர வேண்டுமானால் அவரைக் கூப்பிட்டுத்தான் வருவார்.

1930-ஆம் வருஷம், மார்ச் மாதத்தில் ஒரு நாள் முகம்மது கனி மாடி ஏறி வந்தார். துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் எடை போடுகிறவர். வாங்குகிறவனும் விற்கிறவனும் வேறு யார் சொன்னாலும் சண்டை போடுவார்கள். கனி சொன்னால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அப்படி ஒரு பெயர் அவருக்கு. அவர் கைக்குட்டையை அவிழ்த்து, சுட்டு முடித்த ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை மேஜையில் நிறுத்தினார்.

"இதுக்குத் தோட்டா கெடைக்குமா, கிராணியாரே?"

கூடு விரலைவிட நீளம். ஒல்லியானது. அடியில் விளிம்பு. அந்த விளிம்பில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயரும் 9.3 என்ற எண்ணும் மட்டும் இருந்தன. ஆர்தர் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

துப்பாக்கி, மடக்கித் திறக்கும் ஒற்றைக் குழல் ரைபிள். 1914-இல் ஜெர்மன் சண்டை ஆரம்பித்த வருஷம் ஒரு ஜெர்மன்காரர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போனபோது கனியின் மாமனார் எடுத்தது. மாமனார் போன பிறகு அதுவும், கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் இருந்த பழத்தோட்டமும் கனியின் மனைவி சித்தி ஹாஜராவுக்கு வந்தன. காட்டுப்பன்றி இரண்டு வருஷமாகத் தோட்டத்தை உழுது போட்டுக்கொண்டிருந்தது. லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது. தோட்டாதான் இல்லை.

"வேற துப்பாக்கி ஒண்ணு வாங்கிக்கலாமே அண்ணே," என்றார் ஆர்தர்.

"வாங்கலாம். ஆனா இது அவ அத்தா வச்சிருந்தது. அத சும்மா மாட்டி வைக்க அவளுக்கு மனசில்ல."

வேறு கிராணியாக இருந்தால் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார். ஆர்தருக்கு அந்தக் கூட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை. தினமும் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே மாதிரி சாதாரணத் தோட்டா. இப்படி ஒரு கேள்வியோடு யாரும் வருவதில்லை. மேஜையில் கிடந்த அடிக்கோலை எடுத்துக் கூட்டை அளந்தார். இரண்டே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு அங்குலமும் எட்டில் ஏழும். அதை மில்லிமீட்டராக்கினால் எழுபத்துமூன்று. குறித்துக்கொண்டார்.

கல்கத்தாவுக்கு எழுதினார். லண்டனுக்கு எழுதினார். அந்த ரகம் எங்களிடம் இல்லை என்றே எல்லாரும் பதில் போட்டார்கள். நாலு மாதம் கழித்து சிங்கப்பூரில் ஒரு வியாபாரியிடமிருந்து கடிதம் வந்தது. செத்துப்போன யாரோ ஒருவருடைய பெட்டியில் அதே அடையாளத்தோடு சுடாத வெற்றுக் கூடுகள் நூறு கிடைத்திருக்கின்றன. வெடிமருந்தும் குண்டும் கிடையாது, கூடு மட்டும்தான். கனி நாற்பது கூடு வாங்கினார்.

கூடு கிடைத்தாலும் உள்ளே எவ்வளவு மருந்து போடுவது என்று தெரிய வேண்டும். அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. மருந்துக் கம்பெனியின் ஏஜென்டு ஒரு அச்சடித்த அட்டவணை அனுப்பினார். அதில் ஒன்பது புள்ளி மூன்று என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு வரி, எழுபத்துநாலு மில்லிமீட்டர் கூட்டுக்கு உரியது. ஆர்தரின் கணக்கில் எழுபத்துமூன்று. பழைய கூடு, வாய் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கடைத் தாளில் மருந்தின் எடையையும் குண்டின் எடையையும் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடுகளோடும் மருந்துப் புட்டியோடும் கனியிடம் கொடுத்தார்.

அன்றைக்கு ஆர்தருக்குக் கால் தரையில் படவில்லை. சிங்கப்பூர் வியாபாரி, மிச்சம் அறுபது கூட்டை விற்க வேண்டும், மருந்து அளவு தெரிந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். அவருக்கும் அதே சீட்டை நகல் எடுத்து அனுப்பினார். வீட்டில் மனைவி சவுந்தரத்திடம், "லண்டன்காரனுக்கே தெரியாதது லா," என்று சொல்லிச் சிரித்தார்.

கனி ஒரு தட்டானிடமிருந்து பொன் நிறுக்கும் சிறிய தராசை இரவல் வாங்கி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தை இரண்டு தரம் நிறுத்துப் போட்டார். பதினாலு தோட்டா செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தாசேக் கெலுகோர் தோட்டத்தில் ஒரு மரத்தைக் குறி வைத்துச் சுட்டுப் பார்த்தார். முதல் தோட்டாவின் உதை தோளைத் திருப்பிப் போட்டது. இரண்டாவதற்குப் பிறகு துப்பாக்கியைத் திறக்க முழங்காலில் வைத்து மடக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தோட்டா வெடித்தபோது துப்பாக்கியின் பின்பக்கம் பிளந்துகொண்டது. தோட்டத்து ஆட்கள் அவரைத் துணியில் சுற்றி, ரயிலேற்றி, படகேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தது. வலது கண்ணும் வலது கையில் இரண்டு விரலும் போயின.

போலீஸ் விசாரணை நடந்தது. ஆர்தரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அச்சடித்த அட்டவணையைக் காட்டினார்; தன் சீட்டின் நகலையும் காட்டினார். இரண்டிலும் அளவு ஒன்றுதான். "அப்படியானால் உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"மருந்து கூடிப் போயிருக்கலாம், சார். நிறுக்கும்போது தவறியிருக்கலாம்."

ஆர்தர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். சம்பந்தப்பட்டவரின் கவனக்குறைவு என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். லைசென்ஸ் ரத்தானது.

கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல் கிட்டங்கிக்கும் போய்ச் சேர்ந்தது. கண்ணும் விரலும் போனதற்காக யாரும் கனியை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்தக் கையில் வெடிக்கிற மருந்தையே தப்பாக நிறுத்தவன் நம் மிளகை எப்படி நிறுப்பான் என்றுதான் கேட்டார்கள். காயம் ஆறி அவர் போனபோது தராசுக்கு முன்னால் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

துப்பாக்கி வெடித்து எட்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் கனி மறுபடியும் கடை மாடி ஏறி வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். வலது கண்ணுக்கு மேலே துணி கட்டியிருந்தார்.

"இதுல பதினோரு தோட்டா இருக்கு," என்றார். "அன்னிக்குச் செஞ்சதுல மிச்சம். தோட்டத்துக் குடிசைல கெடந்துச்சு. லைசென்ஸ் இல்லாம வீட்ல வச்சிருக்கக் கூடாது, கொண்டாந்துட்டேன். ஒரு உதவி செய்யுங்க. இதப் பிரிச்சு உங்க தராசுல போட்டுப் பாருங்க. என் கை தப்புச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

ஆர்தர் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றினார். உள்ளே இருந்த மருந்தைக் கடைத் தராசில் கொட்டினார். முதலாவது, சீட்டில் இருந்த அளவு. இரண்டாவதும் அதே அளவு. நாலைந்துக்குப் பிறகு அவர் கனியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பதினோரு தோட்டாவிலும் ஒரு தூள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சரியா இருக்கு அண்ணே."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

கனி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அப்ப ஏன் வெடிச்சுச்சு?" என்று கேட்டார்.

"பழைய துப்பாக்கி. இரும்பு உள்ளுக்குள்ள கெட்டுப் போயிருக்கும்."

வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆர்தரின் மனசு கூட்டை அளந்த அந்த அடிக்கோலுக்குப் போய்விட்டது. கனி, அளவு சரியாக இருந்தது என்று ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். துரையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஆர்தர் அவரை அனுப்பி வைத்தார். துரையைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் தெரிந்த ஒருவரின் இயந்திரப் பட்டறைக்குப் போய், இரும்புத் தகட்டின் கனம் பார்க்கிற காலிப்பரை வாங்கிக் கூடுகளை அளந்தார். கனி விட்டுப்போன சுடாத கூடு எழுபத்திரண்டுக்கு மேல் ஒரு மயிரிழை. கனி முதல் முதலில் கொண்டுவந்த பழைய கூடும் அவரிடமே இருந்தது. அது சுட்டுச் சுட்டு நீண்டு எழுபத்திரண்டரையில் நின்றது. எழுபத்துநாலு எதுவுமே இல்லை. வாய் தேய்ந்த கூடு குட்டையாகும் என்று அவர் நினைத்திருந்தார். சுட்ட பித்தளை நீளும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் அவருக்கு நிச்சயம் வேண்டியிருந்தது. இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது, மருந்து ஒன்றாகவே இருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூட்டின் அடியில் பெயர் இருந்த ஜெர்மன் கம்பெனிக்குக் கூட்டைப் படம் வரைந்து, தான் கொடுத்த அளவையும் எழுதி, இது சரிதானா என்று கேட்டுக் கடிதம் போட்டார். கப்பலில் போய்ப் பதில் வர இரண்டரை மாதம் பிடித்தது. அந்த இரண்டரை மாதமும் அவர் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. கனி இரண்டு தரம் கடை வாசலுக்கு வந்து, மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏறாமல் போனார்.

பதில் ஜெர்மன் மொழியில் இருந்தது. மாதா கோயில் பாதிரியாரான ஹென்றி சாமியார் ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸ் பக்கத்துக்காரர், ஜெர்மன் படிப்பார். பூசை முடிந்து கோயில் காலியானதும் ஆர்தர் கடிதத்தை அவரிடம் நீட்டினார். சாமியார் கண்ணாடியை மாட்டி மெதுவாக வாசித்துச் சொன்னார்.

"நீங்கள் வரைந்து அனுப்பியது எழுபத்திரண்டு மில்லிமீட்டர் கூடு. பழைய, மெல்லிய துப்பாக்கிகளுக்காகச் செய்தது. எழுபத்துநாலு வேறு தோட்டா, வேறு துப்பாக்கி, அதற்கு மிகவும் வலுவான மருந்து. நீங்கள் குறிப்பிட்ட அளவு அதற்குரியது. எழுபத்திரண்டில் அந்த அளவை எக்காரணம் கொண்டும் போடக் கூடாது." சாமியார் நிறுத்தினார். "கடைசி வாக்கியத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள், ஆர்தர்."

வீட்டுக்கு வந்து ஆர்தர் சவுந்தரத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அடிக்கோலில் ஆரம்பித்து, விசாரணையில் தான் சொன்னது வரை. சவுந்தரம் கையிலிருந்த தையலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் முடித்ததும், "ஜெர்மன்காரனுக்கு எழுதினீங்க, சரி," என்றாள். "சிங்கப்பூர்க்காரனுக்கு எழுதினீங்களா?"

"இல்ல."

"மிச்சம் அறுபது கூடு அவன்கிட்டதானே இருந்துச்சு? உங்க சீட்டோடதானே விப்பான்?"

"நிச்சயமாத் தெரிஞ்சதும் எழுதலாம்னு..."

"தெரியுறதுக்கு முன்னாடியே, கொஞ்சம் பொறுங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

அந்த ஒரு வரியை எழுதினால் தப்பு தன்னுடையது என்று தன் கையாலேயே எழுதின மாதிரி ஆகிவிடும். அதனால்தான் ஆர்தர் எழுதவில்லை. நிச்சயம், நிச்சயம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் அதுதான். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் சிங்கப்பூருக்குத் தந்தி அடித்தார்: மருந்து அளவு தவறு, அபாயம், வாங்கியவர் எல்லாருக்கும் உடனே தெரிவிக்கவும்.

அங்கிருந்து நேரே டத்தோ கிராமாட்டில் இருந்த கனியின் வீட்டுக்கு நடந்தார்.

கனி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சித்தி ஹாஜரா கதவுத் திரைக்கு அப்பால் நின்றாள். ஆர்தர் கடிதத்தை மேஜையில் வைத்து, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வராமல், "தப்பு என்னோடது அண்ணே," என்று ஆரம்பித்தார். அளந்த விதம், அட்டவணையில் இருந்த ஒரே வரி, காலிப்பர், கடிதம், எல்லாம் சொன்னார். பிரித்துப் பார்த்த அன்றைக்கே சந்தேகம் வந்தது, இரண்டரை மாதம் மறைத்தேன் என்பதையும் சொன்னார்.

கனி குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, தன் வலது கையை மேஜை மேல் வைத்துப் பார்த்தார்.

"மருந்து கூட்டுக் கழுத்து வரைக்கும் வந்து நின்னுச்சு," என்றார். "அழுத்தித்தான் குண்ட வச்சேன். இது ஜாஸ்தியா இருக்கேன்னு மனசு சொல்லுச்சு. மூட்டையப் பாத்தாலே எடை எத்தன பிக்கல்னு சொல்ற கண்ணு எனக்கு. ஆனா சீட்டுல உங்க கையெழுத்து இருந்துச்சு. படிச்ச மனுஷர் எழுதினது தப்பா இருக்காதுன்னு என் கண்ண நான் நம்பல."

"என்ன திட்டிடுங்க அண்ணே."

"திட்டி என்ன செய்ய?" கனி கடிதத்தை மடித்து ஆர்தர் பக்கம் தள்ளினார். "என் கை தப்பல. அது போதும் எனக்கு."

"எனக்குப் போதாது," என்றாள் சித்தி ஹாஜரா.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"இவரு இந்தப் பத்து மாசமா என்ன செஞ்சாருன்னு தெரியுமா கிராணி? சோத்துக்கு உக்காந்தா ஒரு எலுமிச்சம்பழத்தக் கைல எடுத்து, இது இவ்வளவு இருக்கும்னு சொல்லுவாரு. அப்புறம் தராசுல வைப்பாரு. சரியா இருந்தாலும் நம்ப மாட்டாரு. இன்னொண்ணு எடுப்பாரு. நீங்க மருந்த நிறுத்துப் பாத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த ரெண்டரை மாசமாவது மிச்சமாயிருக்கும். கண்ணு போனது தெரியாம நடந்தது. இது தெரிஞ்சு நடந்தது. உங்கள மன்னிச்சிட்டேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம் அக்கா," என்றார் ஆர்தர். "எழுதித் தர்றேன். போலீசுக்கும் கிட்டங்கிக்கும் நானே எழுதுறேன்."

"எழுதுங்க," என்றாள் அவள்.

மறுநாள் துரையிடம் விஷயத்தைச் சொன்னார். துரை கடிதத்தை இரண்டு முறை படித்தார். அட்டவணை நம்முடையதல்ல, துப்பாக்கி நாம் விற்றதல்ல, விசாரணை முடிந்துவிட்டது என்றார். எழுதுவதாக இருந்தால் இந்தக் கடையின் ஆளாக இருந்துகொண்டு எழுத முடியாது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆர்தர் கம்பி அறையின் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார்.

மூன்று நாளில் இரண்டு கடிதமும் போயின. முகம்மது கனி மருந்தை நிறுத்ததில் எந்தத் தவறும் இல்லை, பதினோரு தோட்டாவை நானே நிறுத்துப் பார்த்தேன், தவறான அளவைக் கொடுத்தவன் நான், விசாரணையில் நான் சொன்ன அபிப்பிராயம் தவறு என்று இரண்டிலும் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் அவரை ஒரு காலை முழுக்க உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பிறகு பழைய அறிக்கையின் கீழே சம்பந்தப்பட்டவர்மீது கவனக்குறைவு இல்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

கிட்டங்கியில் அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. கடிதத்தை மிளகு வியாபாரி ஒருவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார். தலையை ஆட்டினார்கள், ஆனால் யாரும் கனியைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் ஜாதிக்காய் மூட்டை விஷயத்தில் புது ஆள் சொன்ன எடையை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளாமல் நின்றபோதுதான், கனியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் வந்து இடது கையால் தராசுக் கட்டையில் எடைக்குண்டை நகர்த்தினார். எடையைச் சொன்னார். இரண்டு பேரும் சரி என்றார்கள். மறுநாளும் வரச் சொன்னார்கள்.

ஆர்தருக்கு ஐந்து வாரம் வேலை இல்லை. பிறகு ஆயர் ஈத்தாமில் ஒரு சீனருடைய மரக்கடையில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. தினமும் டிராமில் போய் வந்தார்.

சிங்கப்பூர் வியாபாரியிடமிருந்து இதற்குள் பதில் வந்திருந்தது. அறுபது கூடுகளும் மூன்று பேருக்குப் போயிருந்தன. பேராக்கில் ஒரு தோட்ட மேனேஜர். அவர் இன்னும் தோட்டா செய்யவே ஆரம்பிக்கவில்லை, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். ஜொகூரில் ஒரு சர்வேயர். இரண்டு தோட்டா சுட்டுவிட்டார், துப்பாக்கியின் பூட்டு விரிசல் விட்டிருந்தது, மூன்றாவதைப் போடுவதற்கு முன் தந்தி போய்விட்டது. மூன்றாமவர் ஏதோ ஒரு கப்பலின் இன்ஜினியர். கரைக்கு வந்த இடத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரசீதில் பெயர் மட்டும் இருந்தது. கப்பலின் பெயர் இல்லை.

ஆர்தர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் வழியாகப் போகிற கப்பல் கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். ஒரு கம்பெனி அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்றது. இன்னொன்று, இருந்தார், போன வருஷம் விலகிவிட்டார், எங்கே என்று தெரியாது என்றது. அவர்தானா அல்லது அதே பெயரில் வேறு ஒருவரா என்பதும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆர்தர் மரக்கடை வேலையாகத் துறைமுகத்துக்கு வந்தார். கிட்டங்கி வாசலில் கனி வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"அந்த மூணாவது ஆளு?" என்று கனி கேட்டார்.

"தெரியல அண்ணே. ரிசைன் பண்ணிட்டு எங்கயோ போயிட்டாராம். கொழும்புல பாத்ததா ஒரு பேச்சு இருக்கு."

"கொழும்புக்கு எழுதினீங்களா?"

"யாருக்கு எழுதுறது? விலாசம் இல்லயே."

கனி யோசித்தார். "அங்க துப்பாக்கிக் கட எத்தன இருக்கும்? எல்லாத்துக்கும் எழுதுங்க. மருந்து வாங்க அவரு எதாச்சும் ஒரு கடைக்குப் போய்த்தான் ஆகணும். எங்க ஆளுக கொழும்புல மிளகு வியாபாரம் பண்றாங்க. நானும் சொல்லி வைக்கிறேன்."

உள்ளே யாரோ கனியைக் கூப்பிட்டார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். ஆர்தர் டிராமுக்கு நடந்தார். வழியில் ஒரு கடையில் நின்று கடிதத் தாளும் உறையும் இரண்டு டஜன் வாங்கிக்கொண்டார்.